அரிசி வண்டியின் முதல் அறுபது அடி

"2024 செப்டம்பர் 14, சனி. இடது தடம். முதல் அறுபது அடி: 2.41."

இரண்டிரண்டு வண்டியாக நேரே கால் மைல் ஓடும் பந்தயத் தடத்தின் முடிவில் இருக்கும் சிறிய கூண்டில், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அச்சடித்துக் கொடுக்கும் துண்டுத் தாளில் இப்படி இருக்கிறது. கடைகளில் பற்றுச்சீட்டு அடிக்கும் அதே வகைத் தாள். வெயில் பட்டால் எழுத்துப் போய்விடும். அதனால் படியெடுத்து வைத்திருக்கிறேன். அதே வண்டி, அதே தடத்தில், அன்று காலை அந்த முதல் அறுபது அடியை 1.68 செக்கனில் கடந்திருந்தது. காலையில் ஓட்டியவன் நான். பின்னேரம் ஓட்டியவர் அண்ணை. வித்தியாசம் ஒரு தும்மல் அளவு நேரம். அந்தத் தும்மலுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. முழுவதும் இன்னும் தெரியாது.

அண்ணை என்று நான் சொல்பவர் என் உடன்பிறந்தவர் அல்ல. மொன்றியலுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில் ஐந்து பேர் இருந்தோம். அவர் எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். மற்ற மூவரும் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் பிரெஞ்சு படித்துக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டோம். அவர் செயின்ட்-மிஷேலில் கராஜ் போட்டார். நான் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச்சோதனைக்குச் சேர்ந்தேன். பெட்டிகளில் திகதி சரியாக அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பது வேலை. எனக்குத் திகதிப் பித்து அந்த வேலையால் வந்ததா, அந்தப் பித்தால்தான் வேலை கிடைத்ததா என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள்.

வண்டி, அண்ணையின் மனைவி நடத்தும் பலசரக்குக் கடைக்காக வாங்கியது. இரண்டு பேர் இருக்கக்கூடிய, பின்சில்லு மட்டும் இழுக்கிற பழைய பிக்கப். அண்ணை அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, விபத்தில் நசுங்கிய வேறொரு வண்டியிலிருந்து பெரிய எஞ்சினை எடுத்துப் பொருத்தினார். மேலே, காற்றை அமுக்கி ஊட்டிப் பலத்தைக் கூட்டுகிற சூப்பர்சார்ஜர் ஒன்றையும் ஏற்றினார். ஏன் என்று கேட்டால், "சும்மா கிடந்தது, எறிய மனம் வரேல்லை" என்பார். அந்த எஞ்சினில் பாதிக்கு நானும் பங்காளி. வார நாளில் வண்டி அரிசி ஏற்றும். கோடையில் மாதம் இரண்டு சனிக்கிழமை, ஆற்றுக்கு அப்பால் சோளக் காணிகளுக்கு நடுவில் இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போகும்.

பிக்கப்பைப் பந்தயத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரே ஒரு தலையிடிதான். பலம் எவ்வளவும் ஏற்றலாம். அதை நிலத்தில் இறக்குவதுதான் கஷ்டம். எஞ்சின் முன்னால், பாரம் முழுவதும் முன்னால். பின்னால் வெறும் தகரப் பெட்டி. இழுக்க வேண்டிய சில்லுகளோ அந்த வெறும் பெட்டிக்குக் கீழே. பச்சை விளக்கு விழுந்ததும் காலை அழுத்தினால் பின்சில்லு நின்ற இடத்தில் சுழலும். பிடி கிடைத்தால் அது இன்னொரு தொல்லை: அச்சு முறுகித் திரும்பி, பின்பக்கம் முயல் மாதிரித் துள்ளும். பக்கத்துத் தடத்தில் எங்களில் பாதிப் பலம்கூட இல்லாத சின்னக் கார் அமைதியாகப் புறப்பட்டுப் போய்விடும். முதல் கோடை முழுவதும் நாங்கள் புகை விட்டோம், மற்றவர்கள் ஓடினார்கள்.

விடையைக் கண்டுபிடித்தது கடைதான். ஒரு ஏப்ரல் மழை நாளில் அண்ணை இருபது கிலோ மூட்டை பதினைந்து ஏற்றிக்கொண்டு அக்காடி சந்தியில் பச்சை விளக்குக்குப் புறப்பட்டிருக்கிறார். வண்டி வழுக்கவே இல்லை. உடனே எனக்குத் தொலைபேசி.

"தம்பி, சில்லு ஒட்டிக்கொண்டு நிக்குது. அரிசி பிடிக்குது."

இங்கே பிக்கப் வைத்திருப்பவர்கள் பனிக்காலத்தில் பின்பெட்டியில் மணல் மூட்டை போடுவது வழக்கம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் எங்களிடம் மணல் இருக்கவில்லை, அரிசி இருந்தது. மே மாதம் முதல் சனிக்கிழமை, புழுங்கல் அரிசி பத்து மூட்டையைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் போனோம். வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி, பெரிய வயிறுள்ள கியூபெக்காரர், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இது?"

"அரிசி," என்றேன் பிரெஞ்சில்.

"எத்தனை பேருக்குச் சமைக்கப் போகிறீர்கள்?"

"பாரத்துக்கு," என்றார் அண்ணை.

அவர் மற்ற அதிகாரிகளையும் கூப்பிட்டுக் காட்டினார். கயிறு போட்டுக் கட்டினால் போதாது, பாரம் எதுவென்றாலும் திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும் என்பது விதி. பத்து மூட்டையையும் இறக்கிப் புல்லில் அடுக்கி வைத்துவிட்டு ஓடினோம். திரும்பி வரும்போது யாரோ மூட்டையின் மேல் ஏறி இருந்து பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒலிபெருக்கியில் எங்கள் வண்டி "அரிசி வண்டி". அந்த இடத்தில் ஆட்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வண்டிக்குத்தான் பெயர். அடுத்த கிழமை கடைக்கு வந்த ஒருவர், சோறு ரயர் மணக்கிறது என்று மூட்டையைத் திருப்பித் தந்ததாக அண்ணையின் மனைவி சொன்னா. அதை நாங்கள் நம்பவில்லை. ஆனால் பிறகு அரிசியைக் கொண்டுபோகவும் இல்லை.

அதன்பிறகு பின்பெட்டியில் இரும்புத் தகடு வைத்து ஆணி இறுக்கினோம். அச்சு முறுகாமல் இரண்டு தண்டு போட்டோம். மெல்லிய ரப்பர் உள்ள பந்தய ரயர் வாங்கினோம். எஞ்சின் அண்ணையின் பொறுப்பு, ரயர் என் பொறுப்பு. இதை யாரும் பேசித் தீர்மானிக்கவில்லை; அப்படி அமைந்துவிட்டது. ரயரில் காற்றைக் குறைத்தால் அது நிலத்தில் அகலமாகப் படிந்து பிடிக்கும். அளவுக்கு மேல் குறைத்தால் வண்டி கடைசியில் ஆடும். குளிர்ந்த நாளில் எஞ்சினுக்குப் பலம் கூடும், தடத்துக்குப் பிடி குறையும். இதையெல்லாம் இரண்டு கோடையாகப் பார்த்துப் பார்த்து, எங்கள் வண்டிக்குப் பதினாறு இறாத்தல் காற்று என்ற அளவுக்கு வந்தேன். காற்று அளக்கிற என் கேஜை அண்ணை தொடமாட்டார். "அது ஐயரின்ர மணி," என்று மற்றவர்களுக்குச் சொல்வார்.

ஓட்டுவதை மட்டும் மாறி மாறிச் செய்தோம். நான் அதைக் குறித்து இங்கே சொல்லியாக வேண்டும். 2023 வசந்தத்தில் எனக்குக் கண் அழுத்த நோய் என்று கண்டுபிடித்தார்கள். நேரே பார்ப்பது நன்றாகத் தெரியும். பக்கப் பார்வைதான் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கழன்று வரும். பகலில் ஓட்டலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம், இன்னும் இரண்டு வருடமாவது ஓட்டுவீர்கள் என்றார் கண் வைத்தியர். நேரான தடம், பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, கால் மைல். எனக்கென்றே செய்த ஓட்டம் மாதிரி இருந்தது அது. 2024 கோடைதான் நான் முழு மனதோடு ஓட்டக்கூடிய கடைசிக் கோடை என்று எனக்குத் தெரியும். அண்ணைக்கும் தெரியும். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14 பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. பிக்கப்புகளுக்கு மட்டும் தனிப் போட்டி. இரண்டு இரண்டாக ஓடித் தோற்றவர் வெளியே. காலையில் நான் ஓடினேன், வென்றேன். அடுத்ததை அண்ணை ஓடினார், வென்றார். அரையிறுதி நான். இறுதிக்கு வந்துவிட்டோம். மறுபக்கத்தில் வந்து நின்றது லவாலைச் சேர்ந்த தமிழர் ஒருவருடைய கறுப்பு பிக்கப். நாலு சில்லும் இழுக்கும் புது வண்டி. அவரை இரண்டு வருடமாகத் தலையசைப்பளவில் தெரியும். "கறுப்பன்" என்பது வண்டியின் பெயர். நாலு சில்லு இழுக்கும் வண்டிக்குப் பிடி ஒரு பிரச்சினையே இல்லை. புறப்பாட்டில் அவர் முந்துவார். ஆனால் அது கனத்த வண்டி. எங்கள் பின்சில்லு முதல் அறுபது அடியில் ஒட்டிக்கொண்டால் பாதித் தூரத்துக்குப் பிறகு பிடித்துவிடலாம். கணக்கு எங்கள் பக்கம் இருந்தது. முறைப்படி இறுதி ஓட்டம் அண்ணையினுடையது. ஆனால் ஓகஸ்டிலேயே அவர், "கடைசி ஓட்டம் உனக்குத்தான்," என்று சொல்லியிருந்தார்.

நாலு மணிக்கு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். இறுதிக்கு வந்தவர்களுக்கும் அவர்களோடு நின்றவர்களுக்கும் கறுப்புத் தொப்பி கொடுத்திருந்தார்கள். அதைக் கழற்றி விசிறிக்கொண்டே கதைத்தார்.

"தம்பி, வெயிலைப் பார்த்தியோ. நேரே முகத்துக்கு அடிக்குது."

"கறுப்புக் கண்ணாடி இருக்கு அண்ணை."

"கண்ணாடி போட்டா விளக்குத் தெரியுமோ?"

"காலமை ஓடினனான் தானே."

"காலமை வெயில் முதுகுப் பக்கம். இப்ப உனக்கு மதில் தெரியாது. கொண்டுபோய் அடிச்சியெண்டா உன்ர மனுசிக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

நான் கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன்.

"நான் ஓடுறன். வெண்டா உன்ர ரயர்தானே வெண்டது. கோப்பையை நீயே வீட்டை கொண்டு போ."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வெயில் முகத்தில் அடித்தது. என் கண் அப்படித்தான் இருந்தது. சாவியைக் கொடுத்தேன். ரயரில் காற்றுப் பார்த்தேன்: இடது பதினாறு, வலது பதினாறு. பிறகு கழிவறைக் கட்டிடத்தின் நிழலுக்குப் போய், கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, வைத்தியர் சொல்லியிருந்தபடி கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். நாலரைக்கு விடவேண்டிய துளி அது. தவறவிடுவதில்லை.

கண்ணைத் திறந்து வரும்போது வண்டி வரிசையில் நின்றது. ஓட்டத்துக்கு முன் தண்ணீரில் சில்லை நனைத்து, சுழற்றி, புகை எழுப்பி ரயரைச் சூடாக்குவார்கள், அது முடிந்திருந்தது. நான் வேலியோரம் நின்றேன். பச்சை விழுந்ததும் கறுப்பன் தூக்கி எறிந்த மாதிரிப் போனான். எங்கள் வண்டி நின்ற இடத்தில் அலறியது. பின்பக்கம் வலது பக்கமாக விலகியது, பிறகு நேரானது, பிறகுதான் போனது. ஒலிபெருக்கிக்காரர், "அரிசி வெந்துவிட்டது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். வேறு நாளென்றால் நானும் சிரித்திருப்பேன்.

வண்டி திரும்பி வந்து நின்றவுடன் கேஜை எடுத்துக் குனிந்தேன். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் செய்வதுதான். இடது இருபத்தாறு. வலது இருபத்தாறு. சூட்டில் இரண்டு மூன்று கூடும். பத்துக் கூடாது.

"அண்ணை, இருபத்தாறு நிக்குது."

அவர் குனிந்து பார்க்கவில்லை. கைகொடுக்க வந்த கறுப்பன்காரரும், பக்கத்துத் தரிப்பிடத்தில் பழைய நீல பிக்கப் வைத்திருக்கும் கிழவரும், இன்னும் நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள். அண்ணை என் தோளில் கையைப் போட்டார்.

"தம்பிதான் ரயர் பார்க்கிறவர். இண்டைக்கு வாசிக்கிறதில பிழைச்சுப் போச்சு. விடு தம்பி, மனுசர் எண்டா பிழை விடுறதுதானே."

அவர் மன்னித்த விதம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. கறுப்பன்காரர்கூட என் முதுகில் தட்டினார்.

என் கேஜில் முள் உண்டு. பதினாறுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் ஒரு விரல் நகத்தின் அகலம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த அகலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை கராஜில் இருந்த வேறு கேஜோடு வைத்துப் பார்த்தேன். என்னுடையது சரியாகத்தான் காட்டியது. அப்படியென்றால் பிழை கண்ணில். வேறு எங்கே இருக்க முடியும்? நான் வண்டியை விட்டுப் போனது ஒரு பத்து நிமிடம். அங்கே நின்றது அண்ணை. என் எண்ணம் வேறு திசையில் போகவே இல்லை. போயிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன்.

அந்தப் பனிக்காலத்தில் நான் கண்ணை நம்புவதை விட்டேன். தொழிற்சாலையில் ஒரே திகதியை மூன்று தரம் பார்த்தேன். மனைவியை ஏற்றிக்கொண்டு போகும்போது சந்திகளில் தேவைக்கு மேல் நின்றேன். பின்னாலிருந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். "நேரே தெரிகிற முள்ளையே பிழையாக வாசிச்சன், பக்கத்தால வாற பிள்ளையை எப்படிப் பார்ப்பன்?" என்று அவளிடம் கேட்டேன். வைத்தியர் இன்னும் ஓட்டலாம் என்றுதான் எழுதினார். ஆனால் நானாகவே தீர்மானித்தேன். 2025 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, லைசென்சை ஒப்படைக்கப் போனேன். பாதையெல்லாம் பனி. கூட்டிக்கொண்டு போனது அண்ணை.

அதே வண்டிதான். சாதாரணப் பனிக்கால ரயர், பின்னால் எட்டு மூட்டை அரிசி. அவ்வளவு பனியிலும் ஓரிடத்தில்கூட வழுக்கவில்லை. திரும்பி வரும்போது, டெப்பனர் என்று இங்கே சொல்கிற மூலைக்கடை ஒன்றில் நிறுத்திக் கோப்பி வாங்கித் தந்தார்.

"நல்ல முடிவு," என்றார். "நான் இருக்கிறன் தானே. எங்க போறதெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லு."

பிறகும் வண்டியை எடுக்காமல் சாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் மனதில் பெரிய பாரம் இருப்பது தெரிந்தது. எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் அவருடைய மகளுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது என்று சொன்னார். மாப்பிள்ளை வீடு லவால். ஒரு வருடமாகப் பேச்சு நடந்ததாம். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: கலியாணப் பேச்சு முற்றாகும் வரை வெளியில் கதைக்கமாட்டார்கள். கண்படும், யாராவது குழப்பிவிடுவார்கள் என்ற பயம். அதனால் எனக்கு முதலே சொல்லாதது குறையாகப் படவில்லை. கலியாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

ஜூனில் பொன்னுருக்கு. தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குகிற சடங்கு. பெண் வீட்டு ஆட்களாக நாங்களும் போகவேண்டும். என் மனைவி அண்ணையின் கடை ஆட்களோடு முதலே போய்விட்டாள். நான் வேலை முடித்து, மெற்றோவில் செம்மஞ்சள் பாதையின் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து பஸ் எடுத்து, வெயிலில் நடந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் கறுப்பன் நின்றது. கழுவித் துடைத்து, முன் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

ஒரே மாதிரி வண்டி எத்தனையோ இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். வரவேற்பறைத் தட்டில், மாப்பிள்ளையின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோப்பை. வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு வந்து என் கையைப் பிடித்தார்.

"அட, ரயர்க்காரர். வாருங்கோ, வாருங்கோ. இது உங்களிட்டை அடிச்ச கப்தான்."

"தெரியுது," என்றேன்.

"நாலு சில்லு இருந்தும் எனக்கு நெஞ்சு பதறினது. நீங்கள் ரயரில கோட்டை விட்டிராட்டி நான் முடிஞ்சன்."

உள்ளே ஆசாரி பொன்னை நெருப்பில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். எல்லாரும் சுற்றி நின்று அந்தச் சின்ன நாணயம் உருகி உருண்டையாவதைப் பார்த்தார்கள். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பொன்னை எல்லாரும் தொட்டுக் கும்பிட்ட பிறகு அவர் வெளியே வந்தார். நான் முதலே போய்க் கறுப்பனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பேச்சு எப்ப தொடங்கினது அண்ணை?"

"தம்பி, இண்டைக்கு வேண்டாம். பேந்து கதைப்பம்."

"பந்தயத்துக்கு முதலோ, பிறகோ?"

அவர் செருப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முதல். அந்தக் கிழமைதான் அவையள் சரியெண்டு சொன்னவை."

"அதுக்காகத் தோத்தனீங்கள்."

"அந்த மனுசனுக்கு வண்டிதான் உயிர். மகள் போய் வாழப்போற வீடு. அத்தனை பேருக்கு முன்னால தோற்கடிச்சுப்போட்டு என்ன முகத்தோட வந்து தாம்பூலம் மாத்துறது?"

"தோக்கிறதெண்டா என்னை ஓட விட்டிருக்கலாமே. என்னட்டை விட்டிருந்தா உங்களுக்கு என்ன?"

"நீ வெண்டிருப்பாய்," என்றார்.

அதைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கோடையாக எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. என் கண்ணைப் பற்றி அவருக்கு மட்டும் தெரிந்திருந்ததை எடுத்து, அந்த இருக்கையில் இருந்து என்னை இறக்கியிருக்கிறார்.

"நான் லைசென்சைக் குடுக்கேக்க நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனது. இருபத்தாறைப் பதினாறு எண்டு வாசிச்ச கண்ணை நம்பேலாமத்தான் குடுத்தனான். அண்டைக்காவது சொல்லியிருக்கலாம்."

"சொல்ல வெளிக்கிட்டனான். கோப்பி வாங்கேக்க. வாய் வரேல்லை. சொன்னால் நீ விட மாட்டாய், திகதியோட எழுதி வைப்பாய், அது எப்படியும் இந்த வீட்டுக்கு வந்திடும்."

"ரயருக்குக் காத்து அடிச்சது?"

"இல்லை." இதை உடனே சொன்னார். "ரயரில நான் கை வைக்கேல்லை. பச்சைக்குக் காலை முழுக்க அமத்தினன், அவ்வளவுதான். சில்லு தானாச் சுத்தும் எண்டு தெரியும். உன்ர ரயரைத் தொடுவனோ?"

"பிறகு ஏன் எல்லாருக்கும் முன்னால நான் பிழை விட்டனான் எண்டு சொன்னீங்கள்?"

"இருபத்தாறு எண்டு நீதான் சொன்னாய். நான் அதைப் பிடிச்சுக்கொண்டன்."

உள்ளேயிருந்து யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் போனார். நான் சாப்பிடவில்லை, மனைவிக்குச் சொல்லிவிட்டு நடந்தேன். கலியாணத்துக்குப் போனோம், அன்பளிப்பும் கொடுத்தோம். ஆனால் அந்த வண்டியில் நான் பிறகு ஏறவில்லை. எஞ்சினில் என் பாதி இன்னும் அதற்குள் கிடக்கிறது.

காலை அழுத்தியதை நான் ஒருவேளை பொறுத்திருப்பேன். மகளுக்காகச் செய்தார், எனக்குப் பிள்ளைகள் இல்லை, அந்தக் கணக்கு எனக்கு முழுவதும் விளங்காது என்று வைத்துக்கொள்ளலாம். ரயர் வேறு. ரயரைத் தொட்டிருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தைப் பார்த்துத் தொட்டிருக்கிறார். அதனால் எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, தொழிற்சாலை நண்பர் ஒருவரைக் கேட்டு அவருடைய காரில் பந்தயத் தடத்துக்குப் போனேன். நீல பிக்கப் கிழவர் அதே தரிப்பில் இருந்தார். போன வருடக் கடைசிச் சனிக்கிழமையை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அரிசி வெந்த நாள், மறக்க முடியுமா என்றார். அன்று எங்களிடம் காற்று அடிக்கும் கருவி இருக்கவில்லை. தடத்தில் நாங்கள் காற்றைக் குறைப்பதுண்டு, கூட்டுவதில்லை. பக்கத்தில் அது இருந்தது அவரிடம் மட்டும்.

"யாராவது உங்களிடம் அதை இரவல் கேட்டார்களா?"

"ஓ, கேட்டார். இறுதி ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால். உங்கள் ஆள்தான்."

"என்னோடு வந்தவரா?"

அவர் யோசித்தார். "கறுப்புத் தொப்பி போட்டிருந்தார்."

"நாங்கள் மூன்று பேருமே அன்று கறுப்புத் தொப்பிதான் போட்டிருந்தோம். நான், என் நண்பர், கறுப்பு வண்டிக்காரர்."

"அப்படியென்றால் உங்களில் ஒருவர்," என்றார் கிழவர். பிறகு, மனம் வருந்தி, "நீங்கள்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒன்று உறுதியாயிற்று: அன்று நாலரைக்குச் சற்று முன் நான் வாசித்த பதினாறு, பதினாறுதான். என் கண் பிழைக்கவில்லை. அதை வைத்தியரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அந்த மாதம் எடுத்த சோதனையின் படத்தைக் காட்டினார். ஓரத்தில் இருந்த கறுப்பு உள்ளே வந்திருந்தது. லைசென்சைத் திருப்பிக் கேட்கும் பேச்சு அதோடு முடிந்தது. வைத்தியர் சொன்ன இரண்டு வருடத்தில், பிழை என் கண்ணில் என்று நம்பி ஓட்டாமல் விட்ட மாதங்கள்தான் எனக்கு நட்டம்.

கறுப்பன்காரரிடம் நான் கேட்கவில்லை. அது இப்போது அண்ணையின் மகள் வாழும் வீடு. அந்தப் பிள்ளை சின்னதில் என் தோளில் இருந்தது. அண்ணையிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் அதே பதிலைச் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஆகவே இதை இப்படியே பதிந்து வைக்கிறேன். 2024 செப்டம்பர் 14 பின்னேரம், நீல பிக்கப் கிழவரிடம் காற்றுக் கருவியை இரவல் வாங்கியவர் அண்ணையா, சம்பந்தியா என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.